கானாவில் கென்டேயும் கைவினைப் பொருட்களும் வாங்குவது எப்படி? புதிதாகப் போகிறவர்களுக்கு

வேலைக்காகவோ சுற்றுலாவாகவோ கானா போய்த் திரும்புகிற பலரின் பெட்டியில் ஏறக்குறைய ஒரே சாமான்கள்தான் இருக்கும்: கானாவின் கைத்தறித் துணியான கென்டேயின் டிசைனை அச்சடித்த ஒரு பை, விமான நிலையத்தில் கடைசி நேரத்தில் வாங்கிய முகமூடி, நாலைந்து சாவிக்கொத்து. அதே பணத்துக்கு ஒரு நெசவாளர் தன் தறியில் நெய்த துணிப்பட்டையை அவர் கையிலிருந்தே வாங்கியிருக்கலாம். எதைப் பார்த்து வாங்குவது என்று தெரியாததால்தான் இப்படி ஆகிறது. அது கற்றுக்கொள்ளக் கூடிய விஷயம்.

ஆப்பிரிக்கக் கைவினை என்று மொத்தமாக வழிகாட்ட முடியாது. கண்டத்தில் 54 நாடுகள் இருக்கின்றன. மாலியின் சேற்றுச்சாயத் துணிக்குப் பார்க்க வேண்டியது வேறு, நைஜீரியாவின் அவுரிச்சாயத் துணியான அடிரேக்குப் பார்க்க வேண்டியது வேறு. இங்கே கானாவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதிலும் கென்டேக்குத்தான் அதிக இடம். போலி அதிகம் புழங்குவது அதில்தான். கொஞ்சம் பழகிவிட்டால் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்க முடிவதும் அதைத்தான்.

முதல் வேலை: நெய்யும் ஊருக்குப் போங்கள்

தலைநகர் அக்ராவில் இறங்கியதும் கடைத்தெருவுக்கு ஓட வேண்டாம். ஒரு பொருள் எப்படி உருவாகிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டால், பிறகு கடைக்காரர் என்ன சொன்னாலும் உங்கள் கண் தானாகவே சரியான இடத்துக்குப் போகும். முடிந்தால் குமாசியில் இரண்டு இரவு தங்குங்கள். அசான்டே இன மக்களின் பாரம்பரிய அரசுக்குத் தலைநகரம் அது. அங்கிருந்து வடகிழக்கே 18 கிலோமீட்டர் அளவில் போன்விரே, அதன் பக்கத்திலேயே அடன்வொமாசே. இரண்டுமே நெசவாளர் ஊர்கள். நாட்டின் கிழக்கே, ஹோ நகரத்துக்கு அருகில் டோகோ எல்லையை ஒட்டி இருக்கும் அகோட்டிமே க்பேட்டோயே எவே இன நெசவாளர்களின் ஊர். அசான்டே கென்டேயில் கோணங்களும் கட்டங்களும் மேலோங்கி இருக்கும். எவே கென்டேயில் பறவை, மீன், நாற்காலி, கை என்று உருவங்களும் வரும். பல நெசவாளர்கள் அதைப் பருத்தியில் நெய்வார்கள், நிறமும் சற்று அடக்கமாக இருக்கும். எனக்கு எவே கென்டேதான் அதிகம் பிடிக்கும். சுற்றுலாக் கடைகளில் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

தறியின் முன்னால் அரை மணி நேரமாவது நில்லுங்கள். பாவு, அதாவது நீளவாட்டில் ஓடும் நூல்கள், நெசவாளருக்கு முன்னால் பல அடி நீண்டு கிடக்கும். அதன் மறுமுனை, கல் ஏற்றிய ஒரு பலகையில் கட்டப்பட்டிருக்கும். நெய்ய நெய்ய அந்தப் பலகை மண்ணில் இழுபட்டு அருகே வரும். பாவு நூல்களைத் தூக்கி இறக்கும் அமைப்புக்கு விழுது என்று பெயர். விழுதுகளை இழுக்கும் கயிற்றின் நுனியில் சிறு வட்டுகள் இருக்கும். அவற்றைக் கால்விரல் இடுக்கில் பிடித்து மாற்றி மாற்றி மிதிப்பார்கள். விழுதுகள் இரண்டு ஜோடி. முதல் ஜோடி சாதாரண நெசவுக்கு, அதில் பாவின் கோடுகள் மேலே தெரியும். இரண்டாவது ஜோடி பாவு நூல்களைக் கொத்துக் கொத்தாகத் தூக்கும். அப்போது குறுக்கே ஓடும் ஊடை நூல் பாவு நூல்களை முழுக்க மூடி, அடர்ந்த நிறக்கட்டம் ஒன்று எழும்பும். கென்டேயின் அழகு முழுவதும் இந்த இரண்டும் மாறி மாறி வருவதில்தான் இருக்கிறது. நெய்து வருவது நாலு அங்குல அகலம் மட்டுமே உள்ள நீண்ட பட்டை. ஆண்கள் போர்த்தும் முழுத்துணிக்கு இப்படி ஏறத்தாழ 20 முதல் 24 பட்டைகளைப் பக்கம் பக்கமாக வைத்துத் தைப்பார்கள். 24 பட்டை என்றால் ஒரு பக்கம் எட்டடி.

இந்தக் கைவேலையை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதற்குப் பிறகு வியாபாரிகள் எல்லாவற்றையும் "யுனெஸ்கோ கென்டே" என்று சொல்லக்கூடும். அங்கீகாரம் நெசவுத் திறனுக்கு. கடையில் தொங்கும் எந்தத் துணிக்கும் அது சான்றிதழ் ஆகாது.

ஊருக்குள் நுழைந்ததும் சில இளைஞர்கள் சூழ்ந்துகொண்டு அவரவர் கடைக்கு அழைப்பார்கள். மரியாதையாக வணக்கம் சொல்லி, "முதலில் பார்க்க வந்திருக்கிறேன், வாங்குவது பிறகு" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கோபப்படவும் வேண்டாம், ஓடவும் வேண்டாம். நெசவாளரைப் படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். வெகுநேரம் நின்று பார்த்திருந்தால் சிறு தொகை கொடுத்துவிட்டு வருவது முறை.

கென்டேயைக் கையில் எடுத்ததும்

முதலில் திருப்பிப் பாருங்கள். பட்டுப்புடவை எடுக்கும்போது நம் வீட்டுப் பெண்கள் முந்தியைப் புரட்டி உள்பக்கம் பார்ப்பார்களே, அதே பழக்கம் இங்கேயும் கைகொடுக்கும். அச்சடித்த துணியில் பெரும்பாலும் மேல்பக்கம் பளிச்சென்றும் உள்பக்கம் வெளிறியும் இருக்கும். நெய்த கென்டேயில் நிறம் நூலிலேயே இருப்பதால் இரண்டு பக்கமும் ஒரே அளவு அழுத்தமாக இருக்கும். பூவேலை உள்ள இடங்களில் உள்பக்கம் சில நூல்கள் தெரியலாம், அது குறை இல்லை.

அடுத்து, இணைப்புகளைத் தேடுங்கள். நாலு அங்குலத்துக்கு ஒரு தடவை ஒரு தையல் உங்கள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். அகலமான துணி முழுக்க ஒரே விரிப்பாக, தையலே இல்லாமல் இருந்தால் அது அச்சுத்துணி அல்லது விசைத்தறியில் நெய்தது. இங்கே புதியவர்கள் ஒரு விஷயத்தில் தடுமாறுகிறார்கள்: பட்டைகளைத் தையல் மெஷினில் இணைத்திருப்பதைப் பார்த்து, போலி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பட்டையைக் கையால் நெய்துவிட்டு இணைப்பை மெஷினில் தைப்பது இப்போது சாதாரண வழக்கம். தறியில் நடந்த வேலையைத்தான் பார்க்க வேண்டும்.

பிறகு, பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளில் கட்டங்கள் எப்படிச் சேருகின்றன என்று பாருங்கள். ஒவ்வொரு கட்டத்தின் நீளத்தையும் நெசவாளர் கண்ணாலும் கையாலும் அளந்து நெய்கிறார். அதனால் மூலைக்கு மூலை ஓரிரு இழை முன்பின் இருக்கும். எல்லா மூலையும் ஓர் இழைகூடப் பிசகாமல் ஒட்டி நின்றால் சந்தேகப்படுங்கள். ஆனால் அரை அங்குலம் விலகி நின்றால் அது கைவேலையின் அழகு என்று யாராவது சொன்னாலும் நம்ப வேண்டாம், அது கவனமில்லாத நெசவு. அந்த ஓரிரு இழை போக, நல்ல நெசவாளர் கையில் கட்டங்கள் சதுரங்கப் பலகை போல நேராக வந்து அமரும்.

நூல் எது என்று கேளுங்கள். 18ஆம் நூற்றாண்டில் அசான்டே அரசவைக்கு நெய்தவர்கள் ஐரோப்பிய வணிகர் கொண்டுவந்த பட்டுத்துணிகளைப் பிரித்து, அந்த நூலைக் கொண்டு நெய்தார்கள். இன்று கிடைப்பதில் பெரும்பகுதி பருத்தி, ரேயான், பாலியஸ்டர். பளபளக்கும் ரேயானைப் "பட்டு" என்று சொல்லி விற்பது உண்டு. பட்டுக்கான விலை கேட்டால், ஓரத்தில் தொங்கும் நூல் ஒன்றைக் கேட்டு வாங்கிக் கொளுத்திப் பாருங்கள். பட்டு முடி கருகும் வாசனை தரும். பருத்தியும் ரேயானும் காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான உருண்டையாகும். ரேயானில் நெய்ததும் அசல் கென்டேதான், ரேயானுக்குரிய விலை கொடுத்தால் போதும்.

விலை எதில் ஏறுகிறது

நெசவாளர்கள் வேலையின் அடர்த்தியை மூன்றாகப் பிரிப்பார்கள். வெறும் கோடுகள் மட்டும் ஓடுவது அஹ்வெபான். ஆங்காங்கே கட்டங்கள் வருவது டொப்ரெகோ. ஊடை வேலை பட்டையின் பெரும்பகுதியை நிறைப்பது ஃபாப்ரெனு. மூன்றுக்கும் நூலும் நேரமும் வெகுவாக மாறும், அதனால் விலையும் மாறும். நீங்கள் இந்தச் சொற்களைச் சொல்லிக் கேட்டாலே பேச்சின் போக்கு மாறிவிடும். எளிய பட்டை ஓரிரு நாளில் முடியும். அடர்ந்த முழுத்துணிக்கு மாதக்கணக்கில் ஆகும். ஆகவே ஒரு சட்டை விலைக்கு முழுத்துணி தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அங்கே தறிக்கு வேலையே இருந்திருக்காது.

டிசைனின் பெயரையும் கேளுங்கள். கானாவின் முதல் அதிபர் க்வாமே என்க்ருமாவின் எகிப்திய மனைவி ஃபதியாவின் பெயரில் ஒரு டிசைன் இருந்தது. ஃபதியா என்க்ருமாவுக்குப் பொருத்தமானவர் என்று அதற்குப் பொருள். 1966இல் என்க்ருமாவின் ஆட்சி கவிழ்ந்த பிறகு, ஒருவர் மட்டும் நாட்டை ஆள்வதில்லை என்ற பொருளில் அதே டிசைன் வேறு பெயர் பெற்றது. துணி அரசியலோடு இவ்வளவு நெருக்கமாகப் பேசும் ஊரில், பெயர் தெரியாமல் வாங்கி வருவது பாதியை அங்கேயே விட்டுவிட்டு வருவதற்குச் சமம்.

முதல் தடவை போகிறவர்களுக்கு என் ஆலோசனை: முழுத்துணிக்கு ஆசைப்படாமல், அடர்ந்த வேலை உள்ள ஒரு பட்டையோ இரண்டு பட்டையோ வாங்குங்கள். கழுத்தில் போடலாம், சட்டமிட்டுச் சுவரில் மாட்டலாம். நெசவாளருக்கும் அவர் வேலைக்கான காசு கிடைக்கும்.

வாக்ஸ் பிரிண்ட் கைவேலையா?

ஆப்பிரிக்கத் துணி என்றதும் நினைவுக்கு வரும் பெரிய பெரிய பூப்போட்ட வாக்ஸ் பிரிண்ட் ஆலையில் அச்சாகிறது. மெழுகால் வடிவம் வரைந்து சாயமேற்றும் ஜாவாவின் பாட்டிக் துணியைப் பார்த்து ஐரோப்பியர் மெஷினில் செய்யத் தொடங்கியது அது. அதில் பெயர் பெற்ற விலிஸ்கோ நிறுவனம் 1846இல் நெதர்லாந்தின் ஹெல்மண்ட் நகரில் தொடங்கப்பட்டது. கானாவிலேயே டெமா நகரில் ஜிடிபி (GTP) என்ற துணி அச்சு ஆலை இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்கப் பெண்கள் அந்தத் துணிகளுக்குப் பெயர் வைத்து, கல்யாணத்துக்கும் இழவுக்கும் உடுத்தி, தங்களுடையதாகவே ஆக்கிக்கொண்டார்கள். தாராளமாக வாங்குங்கள். ஆனால் கைவேலை என்று எண்ணிக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். நல்ல வாக்ஸில் மெழுகு இரண்டு பக்கமும் ஏறியிருப்பதால் நிறம் இருபுறமும் ஒன்றாக இருக்கும், ஊடே மெல்லிய விரிசல் கோடுகள் ஓடும், துணி ஓரத்தில் ஆலையின் பெயர் அச்சாகியிருக்கும். கெஜக்கணக்கில்தான் விற்பார்கள்: 2, 6, 12.

துணி எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் வைத்து இதில் முடிவு கட்ட முடியாது என்பதற்கு நமக்கு நெருக்கமான ஒரு சான்று இருக்கிறது. நைஜர் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் மதராஸ் கட்டம்போட்ட கைத்தறித் துணியைத் தலைமுறை தலைமுறையாகச் சடங்குகளில் உடுத்துகிறார்கள். அவர்கள் அதை இஞ்சிரி என்பார்கள். நைஜீரியாவில் ஜார்ஜ் என்றும் ஒரு பெயர் உண்டு, சென்னைக் கோட்டையின் பெயர்தான். கலபாரிப் பெண்கள் அந்தத் துணியில் சில நூல்களை மட்டும் பிளேடால் அறுத்து உருவி, நுண்ணிய புது வடிவம் ஒன்றைக் கொண்டுவருவார்கள். அடித்துணி நம் பக்கத்துத் தறிகளில் பிறந்தது, ஆனால் உருவாகி நிற்பது அசல் கலபாரிக் கைவேலை. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, இதில் யாருடைய கை என்ன செய்திருக்கிறது என்பதுதான்.

கைவேலை அச்சு வேண்டுமானால் கானாவின் பாட்டிக் வாங்குங்கள். செதுக்கிய கட்டையையோ ஸ்பாஞ்சையோ உருகிய மெழுகில் தோய்த்துத் துணியில் ஒற்றி, பிறகு சாயம் ஏற்றுவார்கள். விலையும் கைக்கு அடக்கமாக இருக்கும்.

மற்ற பொருட்கள்

குமாசியிலிருந்து மாம்பொங் போகும் சாலையில் ன்டொன்சோ இருக்கிறது. அடின்க்ரா துணியின் ஊர். ஒரு மரத்தின் பட்டையை ஊறவைத்து, இடித்து, கொதிக்க வைத்துக் கறுத்த குழம்பு எடுப்பார்கள். சுரைக்குடுக்கை ஓட்டில் செதுக்கிய முத்திரையை அதில் தோய்த்துத் துணியில் ஒற்றுவார்கள். கையால் ஒற்றியதில் மையின் அழுத்தம் இடத்துக்கு இடம் கூடிக் குறையும். எல்லா முத்திரையும் அச்சுப் பிசகாமல் ஒரே மாதிரி இருந்தால் ஸ்க்ரீன் பிரிண்ட். இந்தப் பாரம்பரிய மை தண்ணீர் பட்டால் கசியும், அதனால் துவைக்க முடியாது என்று தெரிந்தே வாங்குங்கள். கறுப்பும் செம்பழுப்பும் துக்க வீட்டுக்குரிய நிறங்கள், பரிசாகக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் வேறு நிறம் எடுங்கள்.

அதே சாலையில் அஹ்வியா, மரச்செதுக்கு ஊர். அசான்டே முக்காலியை ஒரே மரக்கட்டையிலிருந்து குடைந்து எடுப்பது மரபு. ஒட்டுப்போட்ட இடம் தெரிகிறதா என்று அடியில் பாருங்கள். தூக்கிப் பார்க்கும்போது எதிர்பார்த்ததைவிடக் கனமாகவும் தொடும்போது குளிர்ச்சியாகவும் இருந்தால் மரம் இன்னும் காயவில்லை, ஊருக்கு வந்ததும் வெடிக்கும். சிறு துளையும் கீழே மாவும் தெரிந்தால் பூச்சி இருக்கிறது. "நூறு வருஷப் பழசு" என்கிற முகமூடிகளில் பெரும்பாலானவை புகையிலும் ஷூ பாலிஷிலும் பழசானவை.

கண்ணாடிப் பாசிமணிக்குக் க்ரோபோ மக்களின் ஒடுமாசே. பழைய பாட்டில்களைப் பொடித்து, அந்தப் பொடியைக் களிமண் அச்சுக்குழிகளில் நிரப்பி, துளைக்காக நடுவில் மரவள்ளி இலைக்காம்பைச் செருகிச் சூளையில் வைப்பார்கள். காம்பு எரிந்துபோய் துளை நிற்கும். கையில் எடுத்தால் கண்ணாடிக்குரிய குளிர்ச்சியும் கனமும் தெரியும், துளை கொஞ்சம் கோணலாக இருக்கும். பிளாஸ்டிக் மணி இலேசாக, வெதுவெதுப்பாக இருக்கும். அகோமான்யாவில் புதனும் சனியும், கொஃபோரிடுவாவில் வியாழனும் மணிச் சந்தை கூடும். பழைய மணி, வெனிஸ் மணி என்று பெரிய விலை சொன்னால் முதல் பயணத்தில் விட்டுவிடுங்கள். அதைத் தரம் பிரிக்க வருஷக்கணக்கில் பழக்கம் வேண்டும்.

வடக்கே போல்கடாங்காவின் புல் கூடைகள் உறுதியானவை, காய்கறிச் சந்தைக்குத் தினமும் எடுத்துப்போகலாம். புல்லைக் கிழித்து, முறுக்கி, கொதிக்கும் சாயத்தில் போட்டு எடுத்துப் பின்னுகிறார்கள், நடுத்தரக் கூடைக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். வாயின் விளிம்பு இறுக்கமாக இருக்கிறதா, தோல் சுற்றிய கைப்பிடி ஆடுகிறதா என்று பாருங்கள். பெட்டியில் நசுங்கினால் கவலை வேண்டாம். தண்ணீரில் கொஞ்ச நேரம் முக்கி, கையால் வடிவத்துக்குக் கொண்டுவந்து காயவிட்டால் பழையபடி நிற்கும்.

பேரம் பேசுவது

கானாவில் பேச்சு விலையில் தொடங்காது. முதலில் வணக்கம், நலம் விசாரிப்பு. கொடுப்பதும் வாங்குவதும் வலது கையால்தான், இடது கை நீட்டுவது அவமதிப்பு. நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. விலையைக் குறைக்க "டே ஸோ" என்று ட்வி மொழியில் சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். அக்ராவில் கலை மையம் எனப்படும் கைவினைச் சந்தையில் சொல்லும் முதல் விலை நிறையவே ஏற்றிச் சொல்லப்பட்டிருக்கும், அங்கே தயங்காமல் பேரம் பேசலாம். நெசவு ஊரில் தறிக்காரரிடமே வாங்கும்போது கொஞ்சம் குறைத்துக் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அவர் சொல்வது பெரும்பாலும் நூல் காசும் கூலியும் மட்டுமே. மேலும் குறைக்கக் கேட்பதைவிட, இரண்டு மூன்று பொருள் சேர்த்து எடுத்துக் கொசுறு கேட்பது நல்லது. அங்கே அதை டாஷ் என்பார்கள், மனமுவந்து தருவார்கள். விலை ஒத்துக்கொண்ட பிறகு வாங்காமல் போவது மட்டும் கூடாது. நிலையான விலையில் வாங்க விரும்பினால் கேப் கோஸ்டில் 2003இல் தொடங்கிய குளோபல் மாமாஸ் போன்ற நியாய வணிக அமைப்புகளின் கடைகள் உண்டு.

சொல்லி நெய்யச் சொன்னால்: பட்டை எத்தனை, நீளம் என்ன, எந்த நூல், எந்த டிசைன், எப்போது முடியும் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நூல் வாங்க ஒரு பங்கு முன்பணம் கேட்பது நியாயம். முழுத்தொகையையும் முன்னாலேயே கொடுக்க வேண்டாம். பணம் பெரும்பாலும் மொபைல் மணியில்தான் கைமாறுகிறது. தறியில் உங்கள் துணி ஏறிய பிறகு ஒரு வீடியோ அனுப்பச் சொல்லுங்கள்.

சென்னையிலோ சிங்கப்பூரிலோ உட்கார்ந்து இணையத்தில் வாங்குவதாக இருந்தால், "கென்டே பிரிண்ட்", "கென்டே ஸ்டைல்" என்று இருப்பதெல்லாம் அச்சுத்துணி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உள்பக்கப் படம், இணைப்புத் தையல் தெரியும் நெருக்கப் படம், எந்த ஊரில் நெய்தது என்ற விவரம் இந்த மூன்றையும் கேளுங்கள். அசல் விற்பவர் இதற்குச் சலித்துக்கொள்ள மாட்டார்.

கொண்டுவருவதும் வைத்துக்கொள்வதும்

பழமையானதாகத் தோன்றும் சிற்பமோ முகமூடியோ வாங்கினால், கானா அருங்காட்சியக, நினைவுச்சின்ன வாரியத்தின் அனுமதிச் சீட்டை விற்பவரிடமே கேளுங்கள், விமான நிலையத்தில் கேட்கக்கூடும். தந்தம், ஆமை ஓடு இவற்றின் பக்கமே போக வேண்டாம். மரம், புல், விதை சார்ந்த பொருட்களைச் சுங்கத்தில் மறைக்காமல் சொல்லுங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் வாழ்கிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கானாவுக்குள் நுழையவும், அங்கிருந்து இந்தியா திரும்பவும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று தேவை, அதை முதலிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கென்டேயை வாஷிங் மெஷினில் போடக்கூடாது. பருத்தி என்றால் சாயம் போகிறதா என்று ஓரத்தில் நனைத்துப் பார்த்துவிட்டுக் குளிர்ந்த நீரில் மெதுவாக அலசலாம், ரேயான் கலந்திருந்தால் டிரைகிளீனிங் நல்லது. வெயிலில் காயப்போட்டால் நிறம் மங்கும். வெட்டித் தைக்க வேண்டுமென்றால் வெட்டும் கோட்டின் இருபுறமும் முதலில் மெஷின் தையல் ஓட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஊடை பிரிந்து வந்துவிடும். நெய்தவர் பெயர், ஊர், டிசைன் பெயர், தொலைபேசி எண் எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதித் துணியோடு வையுங்கள். பிறகு இன்னும் சில பட்டைகள் சேர்க்க நினைத்தால் அவரிடமே கேட்கலாம். ஆனால் அதே சாய நூல் மறுபடி கிடைக்கும் என்று சொல்ல முடியாது. எனவே அளவில் சந்தேகம் இருந்தால், வாங்கும்போதே ஒரு பட்டை கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.